ஹெகூ: கையில் அழுத்தினால் தலைவலி போகுமா?

இன்னைக்கு எபிசோடுக்கு உங்க கை வேணும். வண்டி ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க வீட்டுக்குப் போய் செஞ்சுக்கோங்க. மத்தவங்க இடது கையை முன்னாடி நீட்டுங்க, புறங்கை மேல பாக்குற மாதிரி. கட்டைவிரலை ஆள்காட்டி விரலோட ஒட்டி வைங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சதைமேடு எழும்புதா? அதோட உச்சியில வலது கட்டைவிரலை வச்சுக்கிட்டு, இடது கையைத் தளர விடுங்க. மேடு இருந்த இடம் பள்ளமாயிடும். அங்க அழுத்தி, ஆள்காட்டி விரலோட எலும்பு பக்கமா லேசா தள்ளுங்க. மந்தமா, கனமா ஒரு வலி வந்துச்சுன்னா இடத்தைப் பிடிச்சுட்டீங்க.

இதுக்குப் பேரு ஹெகூ. சீன மருத்துவத்தில் பெருங்குடல் மெரிடியனின் நாலாவது புள்ளி. அக்குபங்சர் புத்தகங்கள்ல எல்.ஐ. 4 என்று போட்டிருக்கும். இன்ஸ்டாகிராம்ல "30 செகண்ட்ல தலைவலி காலி" என்று வர்ற ரீல்ஸ்ல பத்துக்கு எட்டு இந்த இடத்தைத்தான் காட்டும். அந்த எட்டு என்னோட ஃபீடுல நான் எண்ணினது, ஆராய்ச்சி எல்லாம் இல்ல.

இந்த எபிசோட் பண்ணக் காரணம் ஒரு மெயில். எழுதினவங்க ஆறு மாச கர்ப்பிணி. ரெண்டு வாரமா விட்டு விட்டுத் தலைவலி. மாத்திரை வேண்டாம்னு நினைச்சு, ரீல்ஸ்ல பாத்த மாதிரி தினமும் இந்தப் புள்ளியை அழுத்தியிருக்காங்க. அப்புறம் ஒரு இடத்துல "கர்ப்பிணிகள் இந்தப் புள்ளியைத் தொடவே கூடாது, கரு கலைஞ்சிடும்" என்று படிச்சிருக்காங்க. ரெண்டு ராத்திரி தூங்கல. வீட்டுல யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. "நான் என் குழந்தைக்கு ஏதாவது பண்ணிட்டேனா?" இதுதான் கேள்வி. அவங்க அனுமதியோட, பேர் சொல்லாம இதைப் பேசறேன். அவங்களுக்கு அன்னைக்கே ரெண்டு வரி பதில் போட்டுட்டேன். அந்த ரெண்டு வரி என்னன்னு அப்புறம் சொல்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு புரியணும்னா இந்தப் புள்ளியோட கதை கொஞ்சம் தெரியணும். கதை நல்லாவும் இருக்கும்.

முதல்ல பேரு. "ஹெ" என்றால் சேர்வது, "கூ" என்றால் பள்ளத்தாக்கு. ரெண்டு எலும்பு மலை மாதிரி வந்து சேருற இடத்துல ஒரு பள்ளத்தாக்கு. இன்னொரு பேரும் உண்டு, ஹுகோ. அதுக்கு அர்த்தம் புலி வாய். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரிச்சுப் பாருங்க, வாயைப் பிளந்த மாதிரிதான் இருக்கு.

இந்தப் புள்ளி பேரோட வர்ற பழைய நூல் லிங்ஷு. 'மஞ்சள் பேரரசரின் உள் நூல்' என்று சொல்லப்படும் ஹுவாங்டி நெய்ஜிங்கின் ஒரு பாதி அது. ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷப் பழசு. ஆனா எனக்கு அதைவிடப் பிடிச்சது அதுக்கும் முந்தின ஒரு விஷயம். 1973-ல் சீனாவின் சாங்ஷா நகரத்துக்கு வெளியே மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறை. உள்ளே பட்டுத்துணியில் எழுதின மருத்துவக் குறிப்புகள் கிடைச்சது. அதுல உடம்புல ஓடுற பதினோரு பாதைகளைப் பத்தி இருக்கு. புள்ளிகளோட பேர் எதுவும் இல்ல, ஊசியும் இல்ல. வைத்தியம் என்றால் அந்தப் பாதை மேல மூலிகையை எரிச்சு சூடு வைக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாதைகள்ல ஒண்ணு ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் இருக்கிற பக்கத்துல ஆரம்பிச்சு, கை வழியா மேல ஏறி, கன்னத்தைத் துளைச்சுக்கிட்டு பல்லுக்குள்ள போகுது. அந்தச் சுவடியில் அதோட பேரு "பல் பாதை".

அதாவது பெருங்குடல் என்ற பேர் பின்னாடி வந்து ஒட்டினது. முதல்ல அது பல்லுக்கான லைன். யாரோ ஒருத்தர், பல்வலியில துடிச்சுக்கிட்டு, கட்டைவிரல் பக்கத்துல அழுத்தினப்போ வலி கொஞ்சம் குறையுதுன்னு கவனிச்சிருப்பாங்க. இது என் ஊகம். ஆனா தத்துவம் முதல்ல வந்து அப்புறம் புள்ளி வரல, கவனிப்பு முதல்ல வந்து அதுக்கு மேல தத்துவத்தைக் கட்டியிருக்காங்க என்றுதான் எனக்குத் தோணுது. நம்ம ஆபீஸ்லயும் அப்படித்தானே. முதல்ல கோடு எப்படியோ ஓடும், டாக்குமென்டேஷன் அப்புறம் வரும், சில சமயம் அந்த டாக்குமென்ட்ல இருக்கிறதுக்கும் கோடுக்கும் சம்பந்தமே இருக்காது.

பின்னாடி வந்த சீன வைத்தியர்கள் மாணவர்கள் மனப்பாடம் பண்ண பாட்டு மாதிரி எழுதி வச்சாங்க. மிங் காலத்துப் பாட்டு ஒண்ணு உடம்பு முழுக்க நாலே புள்ளிகளைச் சொல்லும். வயித்துக்கு ஒண்ணு, முதுகுக்கு ஒண்ணு, தலை-கழுத்துக்கு ஒண்ணு. முகத்துக்கும் வாய்க்கும் ஹெகூ. இந்த மெரிடியன் மூக்குக்குக் கீழ, மேல் உதட்டுப் பள்ளத்துல வலம் இடம் மாறி அந்தப் பக்கம் போகுது என்று சொல்வாங்க. அதனால வலது பல்லு வலிச்சா இடது கையில ஊசி போடற வைத்தியர்களும் உண்டு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

நிறைய பேர் கேப்பீங்க, இது நம்ம வர்மம் தானே என்று. இல்ல. கையில வர்மப் புள்ளிகளும் உண்டு, ஆனா அது வேற மரபு, வேற கணக்கு. அதுக்குத் தனி எபிசோட் வேணும்.

சரி, இப்ப ஒரு பெரிய தாவல். 1958, ஷாங்காய். மாவோவின் சீனா. பழைய சீன வைத்தியத்தையும் மேற்கத்திய மருத்துவத்தையும் சேர்த்து வேலை செய்யணும் என்று மேலிடத்து உத்தரவு. ஷாங்காய் முதலாம் மக்கள் மருத்துவமனையில் டான்சில் ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்குத் தொண்டை வலிக்கு ஹெகூவில் ஊசி போட்டுப் பார்த்திருக்காங்க. வலி குறைஞ்சு சாப்பிட முடிஞ்சது. அப்ப ஆபரேஷன் நடக்கும்போதே போட்டா என்ன? அந்த வருஷம் ஆகஸ்ட் மாசம், ரெண்டு கையிலயும் ஹெகூவில் ஊசியை வச்சு, மரத்துப்போக மருந்து எதுவும் தராம ஒரு டான்சில் ஆபரேஷன் பண்ணினாங்க. "அக்குபங்சர் அனஸ்தீசியா" என்று பிற்பாடு உலகம் முழுக்கப் பேசினது இந்தப் பள்ளத்துலதான் ஆரம்பிச்சது.

அடுத்த பதினஞ்சு இருபது வருஷம் அது ஒரு தேசியப் பெருமை. 1971-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் போயிருந்தப்போ அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆச்சு. அவர் எழுதின கட்டுரைதான் அமெரிக்காவில் அக்குபங்சர் மோகத்தைக் கிளப்பிச்சு. அக்குபங்சர் மயக்கத்துலதான் அவருக்கு ஆபரேஷன் நடந்தது என்று இன்னைக்கும் யூடியூப்ல சொல்லிக்கிட்டிருக்காங்க. தப்பு. ஆபரேஷனுக்கு வழக்கமான மரத்துப்போகும் ஊசிதான் போட்டாங்க. மறுநாள் ராத்திரி வயித்துல வாயு அடைச்சு அவஸ்தைப்பட்டப்போதான் முழங்கையிலயும் முழங்காலுக்குக் கீழயும் அக்குபங்சர். ஹெகூவே இல்ல. அடுத்த வருஷம் இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனி சீனாவில் எடுத்த 'சுங் குவோ' ஆவணப்படத்தில் அக்குபங்சர் வச்சு ஒரு சிசேரியன் நடக்கிற காட்சி வருது. தாய் முழிச்சுக்கிட்டு இருக்காங்க. பாக்கவே கதிகலங்கும்.

ஆனா பிற்பாடு தெரிய வந்தது என்னன்னா, இப்படிப்பட்ட ஆபரேஷன்களுக்கு நோயாளிகளைப் பொறுக்கி எடுத்தாங்க. தூக்க மருந்தும் வெட்டற இடத்துல லோக்கல் அனஸ்தீசியாவும் சேர்த்துக் கொடுத்த கேஸ்கள் நிறைய. ஊசி எவ்வளவு வேலை பண்ணிச்சு, மருந்து எவ்வளவு பண்ணிச்சு என்று பிரிக்க முடியாது. ரெண்டு ஃபீச்சரை ஒரே ரிலீஸ்ல தள்ளிட்டு, எதனால யூசர் கூடினாங்கன்னு கேக்குற மாதிரி.

அதே சீனாவில் ஒருத்தர் இதைப் பிரிச்சுப் பாக்க முயற்சி பண்ணினார். பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியின் ஹான் ஜிஷெங், 1965 வாக்கில். எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும். தன்னார்வலர்கள், பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள். தோல்ல சின்ன மின்சாரம் மூலமா பொட்டாசியத்தைச் செலுத்தி, எந்த அளவுல வலி தொடங்குதுன்னு அளக்குறாங்க. ஹெகூவில் ஊசியை வச்சு 50 நிமிஷம் திருகுறாங்க. வலி தாங்கும் அளவு உடனே ஏறல. மெதுவா ஏறி, அரை மணி நேரம் வாக்குல உச்சத்துக்குப் போகுது. ஊசியை எடுத்ததும் பொத்துன்னு விழல. சுமார் 16 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதியாகிக்கிட்டே இறங்குது.

இன்ஜினீயரிங் படிச்சவங்களுக்கு இப்ப மூளையில ஒரு கிராஃப் ஓடும். கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகுற அதே கர்வ். ஹானும் அப்படித்தான் யோசிச்சார். நரம்பு சிக்னல் மட்டும்னா ஊசி எடுத்த செகண்டே நின்னுடணும். இப்படி மெதுவா வடியுதுன்னா ஏதோ ஒரு ரசாயனம் சேர்ந்து, அப்புறம் கரையுது. அந்தப் புள்ளியில முன்கூட்டியே மரத்துப்போகும் மருந்தைப் போட்டுட்டு ஊசி குத்தினா ஒண்ணும் நடக்கல. அப்ப விஷயம் நரம்பு வழியாத்தான் மேல போகுது, தனியா கண்ணுக்குத் தெரியாத குழாய் எதுவும் வேண்டாம்.

உடம்பே தயாரிக்கிற ஓபியம் மாதிரியான பொருள்கள் இருக்கு என்று 1970-களின் நடுவுல தெரிய வந்தது. என்கெஃபலின், எண்டார்ஃபின். உடனே அமெரிக்காவில் மேயர், பிரைஸ், ரஃபீ என்ற மூணு பேர் 1977-ல் ஒரு சோதனை பண்ணினாங்க. பல்லுக்குள்ள மின்சாரம் கொடுத்து வலி அளந்தாங்க. ஹெகூவில் ஊசி போட்டதும் தாங்கும் அளவு சராசரியா 27 சதவீதம் ஏறிச்சு. அப்புறம் நாலோக்சோன் கொடுத்தாங்க. ஹெராயின் ஓவர்டோஸ்ல கிடக்கிறவங்களை எழுப்பக் கொடுக்கிற மருந்து அது, ஓபியத்தோட வேலையை அடைச்சிடும். கொடுத்ததும் அந்த ஏற்றம் இறங்கிடுச்சு. அப்படின்னா ஊசி உடம்போட சொந்த ஓபியத்தைக் கிளப்புது.

இங்கயே நிறுத்தினா சூப்பர் எபிசோட். ரீல்ஸ் எல்லாம் இங்கதான் நிறுத்தும். ஆனா சாப்மன் என்ற ஆராய்ச்சியாளரோட குழு 80-களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட இதே சோதனையைத் திரும்பப் பண்ணினப்போ நாலோக்சோன் எதையும் இறக்கல. வலி குறைஞ்சது குறைஞ்சபடியே இருந்தது. எண்டார்ஃபின் கதை முழுப் பொய்யும் இல்ல, முழுக் கதையும் இல்ல. "அக்குபிரஷர் எண்டார்ஃபினைச் சுரக்க வைக்கும், நிரூபிக்கப்பட்டது" என்று யாராவது ஒரே வரியில சொன்னா, இந்த ரெண்டாவது சோதனையை அவங்க படிக்கலன்னு அர்த்தம்.

இப்ப நான் இந்த எபிசோடுக்குப் படிச்சதுல ரொம்ப ரசிச்சது. 1980, கனடா, மான்ட்ரியல். ரொனால்ட் மெல்சாக். வலி ஆராய்ச்சியில் இவர் பேர் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. முதுகுத்தண்டுல வலிக்கு ஒரு கேட் இருக்கு, வேற உணர்ச்சி வந்தா அது மூடிக்கும் என்ற கேட் கன்ட்ரோல் கோட்பாட்டை 1965-ல் பேட்ரிக் வாலோட சேர்ந்து சொன்னவர். முட்டி இடிச்சுக்கிட்டா உடனே கையால தேய்க்கிறோமே, அது ஏன் உதவுதுன்னு விளக்குற கோட்பாடு. இவரும் சக ஆய்வாளர்களும் கடும் பல்வலியோட வந்த நோயாளிகளோட கையில், இதே புலி வாய் இடத்துல, ஐஸ் கட்டியை வச்சுத் தேய்ச்சாங்க. ஊசி இல்ல, திருகல் இல்ல, ஃப்ரீஸர்ல இருந்து எடுத்த ஐஸ். பெரும்பாலானவங்களுக்கு வலி பாதியோ அதுக்கு மேலயோ குறைஞ்சது. ஐஸ் இல்லாம சும்மா தேய்ச்சு "இது வலியைக் குறைக்கும்" என்று சொன்னப்போ அந்த அளவுக்கு நடக்கல.

இன்னொன்னு. வலம் இடம் மாறும் என்று சொன்னேன்ல? இங்க வலிக்கிற பல்லு எந்தப் பக்கமோ அதே பக்கக் கையிலதான் ஐஸ். வேலை செஞ்சது. பட்டுத்துணியில "பல் பாதை" என்று எழுதினவரைப் பாத்தா இதை முதல்ல காட்டியிருப்பேன். கவனிச்சது சரி ஐயா, ஆனா வரைபடம் கொஞ்சம் இடிக்குது.

எப்படி வேலை செய்யுது? அந்தப் பள்ளத்துல தோலுக்கு ஆரநரம்பின் கிளை வருது, அடியில இருக்கிற தசைக்கு வேற நரம்பு வருது. கை விரல்களுக்கும் முகத்துக்கும் மூளை ஒதுக்கியிருக்கிற இடம் ரொம்பப் பெருசு. அங்கிருந்து பலமான சிக்னல் போனா மூளை கவனிக்காம இருக்காது. பாரிஸில் ல பார் குழு 1979-ல் எலிகளில் காட்டினது இன்னும் நேரடியானது. உடம்பின் ஒரு இடத்துல வலியை உண்டாக்கினா, வேற இடத்துல இருந்து வர்ற வலி சிக்னலை மூளைத்தண்டு அடக்கிடுது. ஒரு வலி இன்னொரு வலியை அமுக்கும். ரீல்ஸ்ல "வலிக்கிற வரைக்கும் அழுத்துங்க" என்று சொல்றாங்களே, அதுல உண்மை இருந்தா அது இதுவாத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதுக்குப் புள்ளி மில்லிமீட்டர் சுத்தமா இருக்கணும்னு அவசியம் இல்ல.

மில்லிமீட்டர் பேச்சு வந்ததால ஒரு சின்ன கிளைக்கதை. 361 அக்குபங்சர் புள்ளிகள் எங்க இருக்குன்னு சீனா, ஜப்பான், கொரியா மூணும் ஒத்துப்போகல. உலக சுகாதார நிறுவனம் 2003-ல் மூணு பேரையும் உட்கார வச்சது. 92 புள்ளிகள்ல தகராறு. மூணு வருஷம் பேசி 86-ஐத் தீர்த்தாங்க, ஆறு கடைசி வரைக்கும் தீரல. அந்த ஆறில் உள்ளங்கைப் புள்ளி ஒண்ணும் இருக்கு. ஹெகூ அதில் இல்ல. ரெண்டாவது உள்ளங்கை எலும்பின் நடுவுக்குக் கட்டைவிரல் பக்கமா என்று முடிவாச்சு.

சரி, தலைவலிக்கு வருவோம். இங்கதான் "எதோட ஒப்பிட்டு?" என்ற கேள்வி வேணும். நீங்க ஆப்ல ஒரு மாத்தம் பண்ணினா ஏ/பி டெஸ்ட் ஓட்டுவீங்க இல்ல? ஜெர்மனியில் கிளாஸ் லிண்டே குழு அதைத்தான் பண்ணிச்சு. 2005-ல் வெளியான ஆய்வு, மைக்ரேன் உள்ள 302 பேர். ஒரு பிரிவுக்குச் சரியான புள்ளிகளில் அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமா ஊசி. மூணாவது பிரிவு வெறுமனே காத்திருந்தது. தலைவலி நாட்கள் பாதியா குறைஞ்சவங்க: சரியான புள்ளியில் 51 சதவீதம், பொய்ப் புள்ளியில் 53 சதவீதம், காத்திருந்தவங்க 15 சதவீதம்.

இந்த மூணு நம்பரையும் ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாருங்க. அக்குபங்சர் ஆளுங்க 51-ஐயும் 15-ஐயும் காட்டி "பாத்தீங்களா" என்பாங்க. எதிர்க்கிறவங்க 51-ஐயும் 53-ஐயும் காட்டி "பாத்தீங்களா" என்பாங்க. ரெண்டும் ஒரே ஆய்வு. பிறகு 2016-ல் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ உண்மை ஊசிக்கு 50, பொய் ஊசிக்கு 41 என்று ஒரு சின்ன இடைவெளி தெரிஞ்சது. என் கருத்து: ஊசியோ அழுத்தமோ கூட இருக்கும்போது தலைவலிக்காரங்களுக்கு நிஜமா ஏதோ நடக்குது. அது இந்தப் புள்ளியால மட்டும்னு சொல்ல ஆதாரம் மெலிசு. அப்புறம் இதெல்லாம் பல புள்ளிகள்ல, பல வாரம், வைத்தியர் போட்ட ஊசி. சோபாவுல சாஞ்சுக்கிட்டு ஹெகூவை மட்டும் 30 செகண்ட் அழுத்தறது வேற. எனக்கு வேலை செஞ்சுச்சே என்பீங்க. தலைவலி தானாவே ஏறி இறங்குற சாமான். உச்சத்துல இருக்கும்போதுதான் நாம அழுத்துவோம், அதுக்கப்புறம் இறங்கத்தானே செய்யும்? "என் லேப்டாப்ல ஓடுதே" என்ற வாதம் ரிவ்யூவில் செல்லாது.

இப்ப அந்த மெயில். கரு கலையும் என்ற பயம் எங்கிருந்து வருது?

அஞ்சாம் நூற்றாண்டு, தென் சீனா. லியூ சோங் வம்சத்தின் கடைசிக் காலத்தில் ஒரு விடலை அரசன். வைத்தியம் கொஞ்சம் தெரியும், கொடூரம் நிறையத் தெரியும். ஷூ வென்போ என்ற வைத்தியரோட வெளியே போகும்போது ஒரு கர்ப்பிணியைப் பார்க்கிறான். நாடி பார்த்து "பெண் குழந்தை" என்கிறான். வைத்தியர் "ரெண்டு குழந்தை, ஒண்ணு ஆண் ஒண்ணு பெண்" என்கிறார். யார் சரின்னு பாக்க வயித்தைக் கிழிக்கச் சொல்றான் அரசன். வைத்தியர் பதறிப்போய், நான் ஊசியால வெளியே வர வைக்கிறேன் என்று காலில் ஒரு பாதையிலும் கையில் ஒரு பாதையிலும் ஊசி போடுகிறார். கரு வெளியே வருகிறது, அவர் சொன்னபடியே ரெண்டு. இது அந்தக் காலத்து வரலாற்று நூலில் இருக்கு. அந்தக் கைப் பாதை இடம் ஹெகூ என்று பின்னாடி வந்த வைத்தியர்கள் வச்சுக்கிட்டாங்க. அதுல இருந்து கர்ப்பிணிக்கு இது விலக்கு என்று நூல் நூலா எழுதிட்டு வந்தாங்க.

இன்னைக்கு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை வலிக்கு இந்தப் புள்ளியை அழுத்தச் சொல்லித் தர்ற குறிப்புலகூட கர்ப்பமா இருந்தா வேண்டாம் என்று எழுதியிருக்கு. அதைத் தப்பு சொல்ல மாட்டேன். தேவையில்லாத ரிஸ்க் எதுக்கு என்ற எச்சரிக்கை அது. ஆனா அதைப் படிக்கிற பொண்ணு "செஞ்சா கலைஞ்சிடும்" என்று புரிஞ்சுக்கறாங்க. அது வேற வாக்கியம்.

ஆதாரம் என்ன சொல்லுது? இந்தப் புள்ளி அவ்வளவு பலமான சுவிட்ச் என்றால், பிரசவ தேதி தாண்டினவங்களுக்கு எல்லா ஆஸ்பத்திரியும் இதைத்தானே அழுத்தும்? முயற்சி பண்ணித்தான் பாத்திருக்காங்க. பிரசவ வலியைத் தூண்ட அக்குபங்சரும் அக்குபிரஷரும் உதவுமா என்று 22 ஆய்வுகள், 3,456 பெண்கள், 2017-ல் காக்ரேன் தொகுத்தது. சிசேரியன் குறையுதுன்னு தெளிவா எதுவும் வரல. கர்ப்பப்பை வாய் கொஞ்சம் தயாராகலாம் என்ற அளவுக்குத்தான் அறிகுறி. மாசம் முடிஞ்சு, தானே தயாரா நிக்கிற கர்ப்பப்பையையே ஊசியால நிச்சயமா கிளப்ப முடியல. ஆறாம் மாசத்துல விரலால அழுத்தினது குழந்தையை ஏதோ பண்ணியிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கல. இதுல ஒரு வேடிக்கை வேற. பிரசவ வலி வந்தப்புறம் அந்த வலியைக் குறைக்க இதே புள்ளியைப் பயன்படுத்தின ஆய்வுகளும் நிறைய உண்டு.

ஆனா நான் அவங்களுக்கு எழுதின ரெண்டு வரியில ஹெகூ இல்லவே இல்ல. "இன்னைக்கே போய் பிபி பாருங்க. யூரின்ல புரோட்டீன் டெஸ்ட்டும் கேளுங்க." அவ்வளவுதான்.

ஏன்னா இருபது வாரம் தாண்டின கர்ப்பிணிக்குப் புதுசா, விடாம தலைவலி வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ப்ரீஎக்லாம்ப்சியா. கர்ப்பத்துல வர்ற ரத்த அழுத்த நோய். 140-க்கு 90 அல்லது அதுக்கு மேல போனா டாக்டர்கள் உஷாராயிடுவாங்க. தலைவலியோட கண்ணு மங்கறது, பூச்சி பறக்குற மாதிரி தெரியறது, வலது பக்க மேல் வயித்துல வலி, முகம் கை திடீர்னு வீங்கறது, இதுல ஏதாவது இருந்தா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி. கவனிக்காம விட்டா வலிப்பு வரலாம், தாய்க்கும் குழந்தைக்கும் உயிர் ஆபத்து. அவங்க ரெண்டு ராத்திரியா கையைப் பாத்து பயந்துக்கிட்டு இருந்தாங்க. பாக்க வேண்டியது தலைவலியை. அந்த ரெண்டு வாரமும் தலைவலி சொல்ல வந்ததை அழுத்தி அழுத்தி மியூட் பண்ணிக்கிட்டு இருந்தாங்க என்பதுதான் என்னைப் பதற வச்சது.

மறுநாள் போனாங்க. 118-க்கு 76. புரோட்டீன் இல்ல. டாக்டர் கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க, வாரா வாரம் பிபி பாக்கச் சொல்லியிருக்காங்க. தலைவலிக்குக் காரணம் இன்னும் தெரியல. கர்ப்ப காலத்துல எந்த மாத்திரை எடுக்கலாம் என்று அவங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி கேக்கவே பயந்தாங்களாம். வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டாங்க.

மத்தவங்களுக்கு: கர்ப்பம் இல்ல, வழக்கமா வர்ற டென்ஷன் தலைவலிதான், ஸ்டாண்ட்-அப் கால் முடிஞ்சதும் வர்றதுன்னா, தாராளமா அழுத்திப் பாருங்க. பள்ளத்தை மறு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சு, எலும்பு பக்கமா தள்ளி, ரெண்டு மூணு நிமிஷம். நகம் படக்கூடாது, நீலம் பாரிக்கிற அளவுக்கு வேண்டாம். காசு இல்ல, பக்க விளைவு கிட்டத்தட்ட இல்ல. போச்சுன்னா சந்தோஷம். ஊசியை மட்டும் நீங்களே குத்திக்காதீங்க. ஆரத்தமனி அந்த இடத்துப் பக்கமாத்தான் தசையைத் துளைச்சு உள்ளங்கைக்குப் போகுது. ஊசி போட்டுக்கறதா இருந்தா தெரிஞ்சவங்ககிட்ட, உங்க கண்ணு முன்னாடி பிரிச்ச புது ஊசி.

சட்டுன்னு ஒரு நிமிஷத்துல உச்சத்துக்குப் போற தலைவலி, காய்ச்சலோட கழுத்து விறைக்கிற தலைவலி, பேச்சு குழறினா, ஒரு பக்கம் கை கால் வலு குறைஞ்சா, தலையில அடிபட்டப்புறம் வந்தா, இதுக்கெல்லாம் கையை அழுத்திக்கிட்டு உட்காராதீங்க. 108-க்குப் போன் போடுங்க. மாசத்துல 15 நாளைக்கு மேல சாதாரண வலி மாத்திரை போடறவங்களுக்கு அந்த மாத்திரையாலயே தலைவலி வரலாம் என்பதும் தெரிஞ்சுக்கோங்க. நம்ம கம்பெனிகள்ல டிராயர்ல ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பா வச்சிருக்கவங்க நிறைய பேரை எனக்குத் தெரியும்.

பல்வலிக்காரங்களுக்கு மெல்சாக் ஐஸ் நிஜமாவே முயற்சி பண்ணலாம். ஒரு கட்டியைத் துணியில சுத்தி, வலிக்கிற பக்கத்துக் கையில, பள்ளத்துல வச்சு சில நிமிஷம் தேய்ங்க, மரத்துப்போனதும் எடுத்துடுங்க. ஆனா முதல்ல பல் டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு அப்புறம் ஃப்ரீஸரைத் திறங்க. சொத்தை ஐஸுக்குப் பயப்படாது.

யாராவது ஐஸ் பண்ணிப் பாத்தீங்கன்னா என்ன ஆச்சுன்னு எழுதி அனுப்புங்க. எந்தக் கை, எத்தனை நிமிஷம், பத்துக்கு எத்தனைல இருந்து எத்தனைக்கு இறங்குச்சு, இதையும் சேர்த்து. அடுத்த வாரம் பாக்கலாம், வணக்கம்.